நால்வர் சுமந்த படுக்கை



கப்பர்நாகும் ஊரில் இயேசு தங்கியிருந்த வீட்டைச் சூழ மக்கள் திரண்டிருந்த வேளையில், முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தனர் என நற்செய்தியாளர் மாற்கு எழுதுகின்றார் (மாற்கு 2:1-12). வாயிலில் வழி இல்லை, கூட்டமும் விலகவில்லை. ஆயினும் அந்த நால்வரும் திரும்பிச் செல்லவில்லை. கூரைமேல் ஏறி, அதனைப் பிரித்துத் திறப்பு உண்டாக்கி, நோயாளியைப் படுக்கையோடு இயேசுவின் முன்னிலையில் இறக்கினார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டே ஆண்டவர் அந்த நோயாளியிடம் பேசத் தொடங்கினார் என்பதை மாற்கு குறிப்பிடத் தவறவில்லை.

அந்த நால்வரும் நோயாளிக்கு உறவினரா, அயலவரா, நண்பர்களா என்பதை நற்செய்தி நமக்குக் கூறவில்லை. எனினும் ஓர் உண்மை தெளிவாகின்றது. ஒரு படுக்கைக்கு நான்கு முனைகள் உண்டு. தனி ஒருவரால் அதனைத் தூக்கிச் செல்ல இயலாது. கடும் நோய் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது மனைவியோ கணவனோ, தாயோ மகனோ ஒரு முனையைப் பற்றிக் கொள்கின்றனர். மற்றைய மூன்று முனைகளைப் பற்றுவோர் யார் என்பதே இன்று நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் வினாவாகும்.

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவைகள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்கள் குருதி சுத்திகரிப்புக்கு உட்பட வேண்டியுள்ளது. அந்நாட்களில் அவரால் உழைக்க முடிவதில்லை. உடன் செல்பவரும் கூலியை இழக்கின்றார். போக்குவரத்துச் செலவு, வெளியில் செய்விக்க வேண்டிய பரிசோதனைகள், வைத்தியசாலையில் கையிருப்பில் இல்லாத மருந்துகள் எனச் சுமைகள் பெருகுகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு எத்தனை வீடுகளை வருத்தியது என்பதை நாம் அறிவோம். முதலில் சேமிப்புக் கரைகின்றது. அடுத்து நகை அடைவு வைக்கப்படுகின்றது. அதன் பின்னர் கடன் வருகின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், மருத்துவர் பலரிடம் சென்று தன் உடைமை யாவற்றையும் செலவழித்தும் பயனடையாதிருந்தார் என மாற்கு எழுதும்போது (மாற்கு 5:25-26), நம் அயல் வீட்டின் கதையை எழுதுவது போன்றே தோன்றுகின்றது.

இத்தகைய வேளையில் பிறரிடம் உதவி கேட்பது இழிவாகுமா? திருச்சபையின் தொடக்க காலத்தைச் சற்று நோக்குவோம். எருசலேமில் இருந்த வறிய இறைமக்களுக்காக மாசிதோனியாவிலும் அக்காயாவிலும் நிதி திரட்டப்பட்டது (உரோமையர் 15:26). வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்பச் சிறிது ஒதுக்கிவைக்குமாறு பவுல் கொரிந்தியரைப் பணித்தார் (1 கொரிந்தியர் 16:2). 2 ஆம் நூற்றாண்டில் மறைசாட்சியான புனித ஜஸ்டினும், ஞாயிறு வழிபாட்டில் விரும்பியோர் தந்த காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயினால் தேவையுற்றோருக்கும் பயன்பட்டதைப் பதிவு செய்துள்ளார். அக்காணிக்கை நற்கருணைக் கொண்டாட்டத்தோடு இணைந்தே நிகழ்ந்தது. ஆகவே நோயாளிக்காகக் கை நீட்டுவது நம்பிக்கை வாழ்வின் பழமையான வழக்கங்களுள் ஒன்றாகும்.

நம் தாய்நாடும் இதற்குச் சான்று பகர்கின்றது. 2011 ஆம் ஆண்டில், தெற்கே தெவிநுவரவில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து கடந்து நிதி திரட்டினார்கள் சிலர். வழிநெடுகிலும் பல இனத்தவரும் பல சமயத்தவரும் அவர்களோடு நடந்தார்கள். அந்த நடையின் பயனாகவே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013 இல் திறக்கப்பட்டது. அதுவரை மகரகமவை நோக்கி நெடுந்தூரம் பயணித்த வடபகுதி நோயாளர் பலருக்கு அது ஆறுதலாயிற்று. 2016 ஆம் ஆண்டில், தன் மகன் புற்றுநோயால் வருந்தக் கண்ட முஸ்லிம் தந்தை ஒருவர், மகரகம வைத்தியசாலைக்கு நவீன ஸ்கேன் இயந்திரம் ஒன்றைப் பெற்றுக்கொடுக்கும் நோக்கில் 20 கோடி ரூபா திரட்டும் முயற்சியைத் தொடக்கினார். நாடெங்கும் இருந்து மக்கள் மனமுவந்து அளித்தனர். தன் பிள்ளையின் வேதனை வழியாகப் பிறர் பிள்ளைகளின் வேதனையையும் கண்டுகொண்ட தந்தை அவர்.

அன்பர்களே, இதுவரை கூறியவை நீங்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளக் கூடியவையே. இனி, நானே இழைத்த ஒரு பிழையை உங்களிடம் கூற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய கரையோரப் பங்கு ஒன்றில், கடற்றொழிலாளி ஒருவரின் மனைவி ஒருநாள் காலைத் திருப்பலியின் பின்னர் என்னைச் சந்தித்தார். கணவரின் இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்றும், உதவி கோருவதற்குப் பங்குத்தந்தையின் கடிதம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். அவரது தாலிக்கொடி ஏற்கெனவே அடைவு வைக்கப்பட்டிருந்தது. நான் மனமிரங்கினேன். கடிதம் கொடுத்ததோடு அமையாது, அடுத்த ஞாயிறு திருப்பலியின் முடிவில் அவரது பெயரையும் நோயையும் வறுமையையும் எடுத்துக் கூறி, சிறப்புக் காணிக்கை எடுக்கவும் செய்தேன். மக்கள் தாராளமாகவே கொடுத்தனர். நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மனிதர் அன்று ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்தார் என்பதையும், இறுதி ஆசீருக்கு முன்னரே வெளியேறினார் என்பதையும் நான் கவனிக்கவில்லை.

அடுத்த இரு ஞாயிறுகளிலும் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். நெடுநேரம் மௌனமாயிருந்த பின்னர் அவர் சொன்னார்: “சுவாமி, சனத்திட்டக் கேட்டது பிழையில்லை. என்னைக் கேக்காமல் கேட்டதுதான் பிழை.”

நான் வாயடைத்துப் போனேன். கரைவலை இழுக்கும் நாட்களில் வெறுங்கையோடு வந்து நின்ற எவரையும் மீன் கொடுக்காமல் அனுப்பாதவர் என்று ஊரார் அவரைப் பற்றிக் கூறுவர். கொடுத்தே பழகிய அந்த மனிதரை, அவரது இசைவின்றி ஒரே நாளில் ஊர் முன்னிலையில் பெறுபவராக நிறுத்திவிட்டேன். எரிக்கோவில் பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை யாது என்பது கூட்டத்தில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. எனினும், தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகின்றார் என ஆண்டவர் அவரிடமே கேட்டார் (மாற்கு 10:51). பலமுறை நான் மறையுரை ஆற்றிய பகுதி அது. ஆயினும் அதன் பொருளை அந்தத் திண்ணையில்தான் கற்றுக்கொண்டேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்யலாம் என்று அவரிடமே வினவினேன். அவர் மூன்று காரியங்களைக் கூறினார். தமது புகைப்படம் எங்கும் ஒட்டப்படக் கூடாது. பிள்ளைகள் உண்டியல் ஏந்தக் கூடாது. வருகின்ற ஒவ்வொரு ரூபாவும் எழுதி வைக்கப்பட வேண்டும். அதன்படியே ஊரில் மூவர் பொறுப்பேற்றனர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் கடற்றொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர், மற்றவர் சந்தியில் கடை வைத்திருந்த இந்து அன்பர். வங்கிக் கணக்கு இருவரின் கையொப்பத்தோடு திறக்கப்பட்டது. முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர், காசு கொடுக்கத் தம்மால் முடியாதெனக் கூறி, வாரத்துக்கு இரு தடவைகள் அவரை வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கினார். மனைவி பாடசாலைக் கொப்பி ஒன்றில் வரவையும் செலவையும் எழுதி வந்தார். ஐம்பது ரூபா தந்த மூதாட்டியின் பெயரும், ஐம்பதாயிரம் அனுப்பிய புலம்பெயர் உறவினரின் பெயரும் அங்கு ஒரே அளவான எழுத்தில் இருந்தன.

மாற்றுச் சிறுநீரகம் பெறும் காலம் வரையில் அவர் உயிரோடிருக்கவில்லை. பதினான்கு மாதங்களின் பின்னர், நோயிற்பூசுதல் பெற்று, குடும்பத்தார் சூழ இறைவனடி சேர்ந்தார். அவரை முச்சக்கரவண்டியில் தூக்கி ஏற்றிய அதே கைகளே அவரது உடலையும் சேமக்காலைக்குச் சுமந்தன.

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்ததும் அவரது மனைவி அந்தக் கொப்பியோடு அறைவீட்டுக்கு வந்தார். வங்கியில் எஞ்சியிருந்த பணத்தை வேறொரு நோயாளிக்குக் கொடுக்குமாறு கேட்டார். தாலிக்கொடி இன்னும் அடைவில் இருப்பதை நினைவூட்டி, முதலில் அதனை மீட்குமாறு நான் கூறினேன். “அவருடைய வருத்தத்துக்கெண்டு தந்த காசு, சுவாமி. என்ர நகைக்கெண்டு தரேல்லை” என்றார் அவர். நான் என் விருப்பப்படி முடிவு செய்திருக்கலாம். ஆனால் முன்னர் கற்ற பாடம் நினைவுக்கு வந்தது. அவரது சம்மதத்தோடு, பொறுப்பாயிருந்த மூவரும் கொடுத்தவர்களை அழைத்துக் கணக்கை வாசித்தனர். எஞ்சியதை என்ன செய்யலாம் என்றும் கேட்டனர். நகை அடைவுக்குப் போனதும் அதே நோயினால் அல்லவா என்று ஐம்பது ரூபா தந்த மூதாட்டியே முதலில் எழுந்து கேட்டார். தாலிக்கொடி மீட்கப்பட்டது. மிகுதி, அயற்கிராமத்தில் இருதய சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த சிறுமி ஒருத்திக்குச் சென்றது.

திரட்டிய பெருந்தொகையைப் பற்றி எவரும் குறை கூற இடமளிக்கக் கூடாதென்பதில் பவுலடியார் கவனமாயிருந்தார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மையானதைச் செய்ய விரும்பியே, திருச்சபைகளால் தெரிவு செய்யப்பட்ட சகோதரர் ஒருவரையும் உடன் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). கணக்குக் கொடுப்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று. ஒரு குடும்பம் ஒழுங்காகக் கணக்குக் காட்டும்போது, அடுத்து உதவி கோரி வரும் குடும்பத்துக்கும் அது கதவைத் திறந்து வைக்கின்றது. மாறாக, ஒருவர் பொய்யான கடிதத்தோடு வந்து ஏமாற்றினால், உண்மையான நோயாளிகள் பலர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றனர்.

ஆகவே, நோயுற்ற ஒருவரைப் பராமரிக்கும் அன்பர்களே, வெட்கத்தினால் தனித்துச் சுமக்காதீர்கள். வைத்தியரின் கடிதத்தையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம் போன்ற பொது வழிகளையும் நாடுங்கள். அவசரத்தில் தரகர்களின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டாம். மனித உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் 1987 ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் விருப்பத்தைக் கேளுங்கள். அவரது உடலைப் பற்றிய செய்தி அவருக்கே உரியது.

கொடுக்கும் அன்பர்களே, கொடையோடு கடுஞ்சொல்லைக் கலக்க வேண்டாமென்றும், நல்ல சொல் கொடையிலும் மேலானதென்றும் சீராக்கின் ஞானம் நமக்குக் கற்பிக்கின்றது (சீராக் 18:15-17). ‘இவர் முன்னரே குடியை விட்டிருக்கலாமே’ என்று நோயாளியின் காதுபடப் பேசிவிட்டுக் கொடுக்கும் ஆயிரம் ரூபாவால் காயமே மிஞ்சும். 1833 ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் 20 வயது மாணவனாக இருந்த முத்திப்பேறுபெற்ற பிரடெரிக் ஒசானாம், தோழர்களோடு இணைந்து வின்சன்ட் தி பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழைகளின் வீடுகளுக்கே சென்று சந்திப்பதை அதன் அடிப்படைப் பணியாக்கினார். பணத்தை வங்கியில் இட்டதோடு நம் கடமை நிறைவுறுவதில்லை. ஓர் இரவு வைத்தியசாலையில் துணையிருப்பதும், பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுப்பதும் படுக்கையின் ஒரு முனையைப் பற்றுவதேயாகும்.

குணமடையாத நோயாளியைச் சுமந்தவர்களின் உழைப்பு வீணானதா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கடற்றொழிலாளியின் மனைவியிடம் நானும் ஒருநாள் இதையொத்த கேள்வியைக் கேட்டேன். தம் கணவர் கடைசி மாதங்களில் மீண்டும் ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்தார் என்பதை மட்டுமே அவர் பதிலாகச் சொன்னார். கப்பர்நாகுமில் ஆண்டவர் முதலில் அளித்தது பாவமன்னிப்பும் ‘மகனே’ என்னும் அழைப்புமே. எழுந்து நடக்கும் ஆற்றல் அதன் பின்னரே வந்தது. அந்த மனிதர் எழுந்து நடக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் தாம் ஒரு சமூகத்தின் மகன் என்பதை அறிந்தவராகவே அவர் கண்மூடினார்.

இவ்வாரம் உங்கள் தெருவில், உங்கள் பங்கில், உங்கள் உறவில் யாருடைய படுக்கை ஒரே ஒருவரின் கையில் தொங்குகின்றது என்று பாருங்கள். சென்று கேளுங்கள். அதன் பின்னர் தூக்குங்கள்.

நோயுற்றோரின் ஆரோக்கியமான மரியன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக.