பட்டவர் இளகுவதும் இறுகுவதும்

யாரைக் கண்டாலும் இரங்குகிற ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “பாவம், சின்ன வயசிலேயே நிறையப் பட்டவர், அதான் இப்படி இளகின மனசு” என்போம். அடுத்த தெருவில் யாரையும் அண்டவிடாமல் எரிந்துவிழுகிறவருக்கும் அதே சமாதானம்தான்: “நிறையப் பட்டுட்டார், அதான் இறுகிப்போயிட்டார்.” நேரெதிரான இரண்டு குணங்களுக்கும் ஒரே காரணம் பொருந்துகிறதென்றால், அந்தக் காரணம் எதையும் விளக்கவில்லை என்றுதான் பொருள். துயரத்தோடு எது சேர்ந்தால் மனம் இளகுகிறது, எது இல்லாமல்போனால் இறுகுகிறது என்றல்லவா கேட்க வேண்டும்? அதற்கு ஓரளவு தெளிவான விடை ருமேனியாவின் குழந்தைகள் இல்லங்களிலிருந்து வந்தது.

நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்கியே தீருவது என்று ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். கருத்தடைக்கும் வழியில்லை. வளர்க்க வக்கில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது இல்லங்களில் இருந்த குழந்தைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். பல இல்லங்களில் சாப்பாடும் படுக்கையும் எப்படியோ கிடைத்தன. ஆனால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண். அவரும் முறை முடிந்ததும் போய்விடுவார். அழுதால் தூக்க ஆள் இல்லை. உள்ளே போன வெளிநாட்டு மருத்துவர்களை உலுக்கியது அந்த அறைகளின் அமைதி. பலனில்லை என்று கண்டு குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தன.

2000இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த, 6 முதல் 31 மாதம் வரையிலான 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். அன்றைய புக்கரெஸ்டில் அப்படிப்பட்ட குடும்பங்கள் அநேகமாக இல்லை. ஆய்வுக்குழுவே தேடிப்பிடித்துப் பயிற்சி கொடுத்தது. மற்றப் பாதி? குலுக்கலில் விடுபட்டதால் இல்லத்திலேயே இருந்துவிட்ட குழந்தைகளை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. அரசோ பெற்றோரோ அழைத்துப்போக நினைத்தால் ஆய்வு குறுக்கே நிற்காது என்பதுதான் விதி. பிற்பாடு பலர் வெளியேறவும் செய்தார்கள். ஆனாலும் அறவிவாதம் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

இல்லத்திலேயே வளர்ந்த பிள்ளைகளில் சிலர் யாரிடமும் ஒட்டவில்லை. வேறு சிலர் முன்பின் தெரியாதவர் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் கூடவே கிளம்பிவிடுவார்கள். பார்க்கிறவருக்கு அது கலகலப்பான சுபாவமாகத் தெரியும். உண்மையில், ‘என் ஆள்’ என்று ஒருவரை அடையாளம் காணப் பழகாத மனத்தின் நடத்தை அது.

சுமார் 12 வயதில் நடந்த ஒரு சோதனை இதைவிட வியப்பானது. அறிமுகமில்லாத ஆசிரியர்கள் முன் பேசச் சொன்னார்கள். சாதாரணமாக வளர்ந்த பிள்ளைக்கு அப்போது இதயம் படபடக்கும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைக் கூட்டும். சபையில் பேசப் பயப்படும் யாருக்கும் நடப்பதுதான். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டுமே மந்தமாக இருந்தன. துன்பப்பட்டவர் எதற்கும் பதறுவார் என்று எதிர்பார்த்த இடத்தில், உடல் பதறவே மறந்திருந்தது. வளர்ப்புக் குடும்பத்துக்கு இரண்டு வயதுக்குள் போன குழந்தைகளிடம் படபடப்பு ஏறக்குறைய இயல்பாக இருந்தது. கார்ட்டிசால் விஷயத்தில் காலக்கெடு இன்னும் குறைவு, 18 மாதம். பின்னால் போனவர்களும் பல வகையில் தேறினார்கள், ஆனால் இந்தக் குறை அவ்வளவாகச் சீராகவில்லை.

குழந்தைப்பருவத் தனிமை உடலுக்குள் எப்படிப் பதிகிறது என்பதற்கு ஒரு தடயத்தை எலிகள் தந்தன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு கவனித்தது: சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொடுக்கும், சில கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளப்படாத குட்டிகள் வளர்ந்து தொட்டதற்கெல்லாம் வெருண்டன. கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களின் அளவை உணர்ந்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏற்பிகள் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் உண்டு. அவற்றை உருவாக்கும் மரபணுவின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்கூறு அதிகமாக ஒட்டிக்கொண்டு, அதன் வேலையை மட்டுப்படுத்தியிருந்ததை 2004இல் காட்டினார்கள். மரபணுவின் எழுத்து எதுவும் மாறவில்லை. பிறந்த உடனே குட்டிகளை இடம்மாற்றி வைத்தால், பெற்ற தாய் எப்படியிருந்தாலும் வளர்த்த தாயின் பராமரிப்புக்கு ஏற்பவே குணம் அமைந்தது. எலி வெருண்டது, புக்கரெஸ்ட் பிள்ளை மரத்துப்போனது. ஆக, கஷ்டம் வந்தால் கார்ட்டிசால் ஏறிவிடும் என்ற பிரபலமான ஒற்றைவரிக் கதையை நம்ப வேண்டியதில்லை.

வளர்ந்தவர்கள் கதை வேறு. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவும் சகாக்களும் துணையை இழந்த 205 பேரை, இழப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்த தகவல்களோடு ஒப்பிட்டார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் துக்கப்பட்டாலும் நொறுங்கவில்லை. இளகவுமில்லை, இறுகவுமில்லை, பழைய ஆளாகவே இருந்தார்கள். ‘துன்பம் என்னைப் பக்குவப்படுத்தியது’ என்ற பேச்சையும் சோதித்திருக்கிறார்கள். உளவியலாளர் பெட்ரீஷியா ஃப்ரேசியரின் குழு, ஒரு பேரதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் கல்லூரி மாணவர்களின் நட்பு, நன்றியுணர்வு, வாழ்க்கைப் பிடிப்பு ஆகியவற்றை அளந்து 2009இல் வெளியிட்டது. வளர்ந்துவிட்டதாக அவர்கள் சொன்னதற்கும் அளவுகோல் காட்டிய மாற்றத்துக்கும் பெரும்பாலும் பொருத்தமே இல்லை. அதற்காக அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பட்ட பாட்டுக்கு ஒரு பயன் இருந்தது என்று நம்பாமல் அதைச் சுமப்பது கடினம்.

சுமப்பதற்குச் சுற்றியிருப்பவர்கள் வேண்டும் என்பதைப் போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நன்றாகவே கண்டார். ஒவ்வொருவராக உட்காரவைத்து நோய்ப் பெயர் சூட்டினால் போதாது, சமூகமே காயப்பட்டிருக்கிறது என்று அவர் எழுதினார். அவநம்பிக்கை, வாய்மூடல், எதிலும் பட்டும்படாமல் ஒதுங்குதல் ஆகியவை தனி ஆளின் சுபாவமாக இல்லாமல் ஊரின் சுபாவமாகவே ஆகியிருந்தன. செத்த வீட்டில் கூடி ஒப்பாரி வைப்பது, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று துக்கத்தை ஊரே பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடுகளை இடப்பெயர்வும் ஷெல்லடியும் குலைத்திருந்தன.

அந்தப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் அந்த ஏற்பாட்டைத் தொடங்கவே முடியாது. உடல் இல்லை, திதி இல்லை. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், இருக்கிறாரா இல்லையா என்று முடிவு தெரியாத இவ்வகை இழப்பைத் தனியாகவே பிரித்து வைத்தார். துக்கம் இதில் நகராமல் நின்றுவிடுகிறது என்றார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரக் கொட்டகைகளில் உட்கார்ந்தது நீதி கேட்டு. செத்த வீடு செய்திருக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதியையும் அந்தக் கொட்டகை செய்கிறது என்பது என் ஊகம். வீட்டு வாசல் தாண்டிப் பேசியறியாத பெண்கள் அங்கிருந்து அதிகாரிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள், ஜெனீவாவில் ஐ.நா. வரை போய்ப் பேசுகிறார்கள். இவர்களை இளகியவர்கள் என்பதா, இறுகியவர்கள் என்பதா? அடுத்தவளின் பிள்ளை படத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.