நவம்பர் மாதத்துத் தலைவி

வினாவிடைப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கண்டேன். உலகின் முதலாவது பெண் பிரதமர் யார் என்று கேட்டால் ஆறாம் தரத்துப் பிள்ளைகூடச் சிறிமாவோ பண்டாரநாயக்க என்று சொல்லிவிடும். 1960 என்று வருடத்தையும் சேர்த்தே சொல்லும். அடுத்த அட்டையில் இருந்த கேள்வி, "ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைக்குத் தலைமை தாங்கிய முதலாவது பெண் யார்?" என்பது. எங்கள் குழுவில் நால்வர். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருத்தி விஜயலக்ஷ்மி பண்டிட் என்றாள். அவர் 1953இல் பொதுச் சபைக்குத் தலைவியானவர். பாதுகாப்புச் சபை வேறு. அட்டையின் பின்புறத்தில் விடை இருந்தது: ஜீன் மார்ட்டின் சிசே, கினி, 1972.

கினி எங்கே இருக்கிறது என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆபிரிக்காவில் கினி என்ற சொல்லைப் பெயரில் கொண்ட நாடுகள் மூன்று இருக்கின்றன. கினி, கினி பிசாவு, மத்தியகோட்டுக் கினி. முதலாவதை முன்பு பிரான்ஸ் ஆண்டது, இரண்டாவதைப் போர்த்துக்கல், மூன்றாவதை ஸ்பெயின். நான் எழுதப்போவது முதலாவதைப் பற்றி. ஆனால் இரண்டாவதும் இந்தக் கதைக்குள் வரும் என்பதால் வாசகர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கினியின் கிழக்கே, மீலோ என்ற ஆற்றின் கரையில் கங்கன் என்றொரு நகரம் இருக்கிறது. மீலோ நைஜர் நதியில் போய்ச் சேரும் ஓர் ஆறு. கங்கன் நெடுங்காலமாக வணிகத்துக்கும் இஸ்லாமியக் கல்விக்கும் பேர்போன ஊர். அங்கேதான் 1926 ஏப்ரல் 6ஆம் திகதி ஜீன் பிறந்தார். பெயரின் முன்பாதி பிரெஞ்சு ஆட்சியை நினைவூட்டும். 'சிசே' என்ற பின்பாதியோ மாலிங்கே மக்களிடையே பரம்பரை பரம்பரையாக மார்க்க அறிஞர்களைத் தந்த குலங்களில் ஒன்றின் பெயர்.

அக்காலத்துப் பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்காவில் ஆண்களுக்கான ஆசிரியர் கலாசாலை 1903இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. பெண்களுக்கு அப்படியொன்று வர 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செனகலின் ருஃபிஸ்க் என்ற ஊரில் அமைந்த அந்தக் கலாசாலைக்குப் பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்கா முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த சில பிள்ளைகளே வந்தார்கள். ஜீன் அவர்களில் ஒருவர். உயர்தரம் படிக்க அடுத்த நகரத்துக்குப் போவதற்கே எங்கள் வீடுகளில் எத்தனை யோசனை! 1940களின் தொடக்கத்தில், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, வேறொரு நாட்டு விடுதிக்கு மகளை அனுப்பிய அந்தக் குடும்பத்தை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. படித்து முடித்து ஊர் திரும்பியவர் கினியின் முதலாவது பெண் ஆசிரியைகளில் ஒருவரானார்.

ஆசிரியையாக மட்டும் இருந்திருந்தால் அவர் பெயர் அந்த அட்டையில் வந்திருக்காது. 1946 ஒக்டோபரில் பமக்கோ நகரில் 'ஆபிரிக்க ஜனநாயகப் பேரணி' என்ற கட்சி பிறந்தது. பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்கா எங்கும் கிளை பரப்பிய அந்தக் கட்சியில் ஜீன் மறு வருடமே சேர்ந்தார். பின்பு செனகலில் வாழ்ந்த காலத்தில் அங்குள்ள பெண்களை அணிதிரட்டினார். கட்சிக்குப் பெண்களின் பலம் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு 1953ஆம் ஆண்டு கினியில் நடந்த பொது வேலைநிறுத்தம் சான்று. சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கும் மேலாக வேலைக்குப் போகவில்லை. அத்தனை நாளும் அடுப்பு எரிந்தது பெண்களால். சந்தை வியாபாரிகளும் கிராமத்துப் பெண்களும் அரிசியும் காய்கறியும் சேர்த்துக் கொடுத்திராவிட்டால் வேலைநிறுத்தம் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது.

1958 செப்டெம்பர் 28ஆம் திகதி பிரான்ஸ் தன் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் ஒரு வாக்கெடுப்பை நடத்தியது. ஜெனரல் டி கோல் முன்வைத்த பிரெஞ்சுச் சமூகத்தில் இருப்பதா, விலகுவதா என்பதே கேள்வி. இருப்போம் என்று மற்றவை எல்லாம் சொல்ல, கினி மட்டும் "இல்லை" என்றது. கட்சித் தலைவர் செக்கு தூரே, அடிமையாகச் செல்வத்தோடு வாழ்வதைவிடச் சுதந்திரமாக வறுமையோடு வாழ்வதே மேல் என்ற கருத்தைச் சில வாரங்களுக்கு முன் டி கோலின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார். ஒக்டோபர் 2இல் சுதந்திரம் வந்தது. கோபித்துக்கொண்ட பிரான்ஸ் தன் அதிகாரிகளைத் திருப்பி அழைத்தது. போனவர்கள் தொலைபேசிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த வெறும் வீட்டைக் கட்டியெழுப்பத் திரும்பியவர்களில் ஜீனும் ஒருவர்.

அவருடைய உழைப்பில் என்னை அதிகம் கவர்ந்தது 1962ஆம் ஆண்டு நிகழ்வு. அந்த வருடம் ஜூலை மாதத்தில் ஆபிரிக்கப் பெண்கள் தாருஸ்ஸலாம் நகரில் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். ஜீன் அதன் பொதுச் செயலாளரானார். ஆபிரிக்க நாடுகளின் தலைவர்கள் ஒன்றுகூடி ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவியது 1963 மே மாதத்தில். அதாவது, கண்டம் முழுவதையும் ஒன்றிணைக்கும் வேலையில் பெண்கள் ஆண்களை ஏறக்குறைய ஒரு வருடம் முந்திக்கொண்டார்கள்! ஜூலை 31 இன்றும் ஆபிரிக்கப் பெண்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதே தசாப்தத்தில் அவர் ஐ.நா.வின் பெண்கள் நிலை பற்றிய ஆணைக்குழுவிலும் கினியின் சார்பில் இருந்தார். பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பது பற்றிய 1967ஆம் ஆண்டுப் பிரகடனம் உருவானது அந்த ஆணைக்குழுவில்தான்.

இனி அட்டையில் இருந்த 1972க்கு வருவோம். பாதுகாப்புச் சபையின் தலைமை யாருக்கும் தேர்தலால் கிடைப்பதில்லை. பதினைந்து உறுப்பு நாடுகளும் ஆங்கில எழுத்து வரிசைப்படி மாதத்துக்கு ஒரு நாடாகத் தலைமை ஏற்கும். ஒக்டோபரில் பிரான்ஸ், டிசெம்பரில் இந்தியா, இடையில் நவம்பரில் கினி. எனவே, அந்தக் கதிரை அவருக்கு எழுத்து வரிசை கொடுத்த கதிரை என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் 1946 ஜனவரியில் முதன்முதலாகக் கூடிய சபை அது. இருபத்தாறு வருடங்களுக்கு மேலாக எழுத்து வரிசை சுற்றிச் சுற்றி வந்தும், ஒரு நாடாவது தன் பிரதிநிதியாக ஒரு பெண்ணை உட்கார வைத்து அந்த மாதத்தைச் சந்திக்கவில்லை. கினிதான் முதலில் சந்தித்தது.

அந்த மாதத்தில் சபை என்ன செய்தது? ஆபிரிக்காவில் போர்த்துக்கல் இன்னும் விடாமல் பிடித்துவைத்திருந்த அங்கோலா, மொசாம்பிக், கினி பிசாவு, கேப் வேர்ட் ஆகியவற்றைப் பற்றி விவாதித்தது. நவம்பர் 22ஆம் திகதி 322ஆம் இலக்கத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு, போர்த்துக்கல் இராணுவ நடவடிக்கையை நிறுத்திப் பேச்சுவார்த்தைக்கு வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

திகதியைப் பார்த்தவுடன் எனக்கு ஏதோ உறுத்தியது. சரித்திரக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். சரியாக இரண்டு வருடங்களுக்கு முன்பு, 1970 நவம்பர் 22ஆம் திகதி அதிகாலையில், போர்த்துக்கேயப் படையினர் கடல்வழியாக வந்து கினியின் தலைநகர் கொனாக்ரியைத் தாக்கினார்கள். பிசாவு விடுதலைப் போராளிகளுக்குக் கினி இடம் கொடுத்திருந்தது. சிறையிலிருந்த தங்கள் வீரர்களை மீட்பதும் செக்கு தூரேயின் ஆட்சியைக் கவிழ்ப்பதும் அவர்களுடைய நோக்கம். வீரர்களை மீட்டார்கள், ஆட்சி கவிழவில்லை. தாக்கப்பட்ட நகரத்தின் பிரதிநிதியே, அதே திகதியில், போர்த்துக்கலைக் குறித்த தீர்மானம் நிறைவேறிய கூட்டத்துக்குத் தலைவி. தீர்மானத்தால் யுத்தம் உடனே நிற்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் பிசாவுப் போராளிகளின் தலைவர் அமில்கார் கப்ரால் கொனாக்ரியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் 1975 முடிவதற்குள் அந்த நாடுகள் அனைத்தும் சுதந்திரம் பெற்றிருந்தன.

இந்த இடம் வரை எழுதி வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "நல்லம் மகள். அவ எந்த அரசாங்கத்தில மந்திரியா இருந்தா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மேலும் இரண்டு வாரங்கள் தேவைப்பட்டன.

ஐ.நா.வில் 1976 வரை இருந்த ஜீன், அவ்வருடம் நாட்டுக்குத் திரும்பிச் சமூக விவகார அமைச்சரானார். செக்கு தூரே 1984இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அந்த ஆட்சி பிரான்சுக்கு "இல்லை" சொன்ன அதே ஆட்சிதான். ஆனால் தனக்கு "இல்லை" சொல்ல அது யாரையும் விடவில்லை. எங்கும் சதி, எவரும் துரோகி. கொனாக்ரியில் போய்ரோ முகாம் என்றொரு சிறை இருந்தது. அதற்குள் போன ஏராளமானவர்கள் திரும்பி வரவில்லை.

அவர்களில் ஒருவர் தியாலோ தெல்லி. ஐ.நா.வில் கினியின் முதலாவது பிரதிநிதி. ஜீன் பிற்காலத்தில் அமர்ந்த அதே ஆசனத்தில் இருந்தவர். ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதலாவது பொதுச் செயலாளரும் அவரே. ஊர் திரும்பி நீதி அமைச்சராக இருந்தவரை 1976இல் கைது செய்தார்கள். 1977இல் அந்த முகாமில் உணவும் நீரும் மறுக்கப்பட்டு அவர் இறந்தார். ஜீன் அமைச்சரவைக்குள் நுழைந்ததும் தெல்லி சிறைக்குள் போனதும் ஒரே வருடத்தில்.

இன்னொருவர் லொஃபோ கமரா. ஜீனின் வயதை ஒத்தவர், அவரைப் போலவே கட்சிக்காக உழைத்தவர். கினியின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதலாவது பெண் இவர்தான். 1960களில் இவர் பொறுப்பாக இருந்ததும் அதே சமூக விவகாரம்தான். கொனாக்ரித் தாக்குதலுக்குப் பிறகு நடந்த களையெடுப்பில், 1971 ஜனவரியில், இவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறு வருடம்தான் ஜீன் நியூயோர்க்கில் அந்தக் கதிரையில் அமர்ந்தார்.

இதைப் படித்த அன்று கட்டுரையைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். என் தோழி ஒருத்தி, "பதவியை விட்டிருந்தால் அவரையும் அல்லவா கொன்றிருப்பார்கள்?" என்றாள். இருக்கலாம். பயத்தில் மௌனமாக இருந்தவரைக் கொலைகாரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், எட்டு வருடங்கள் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதவும் கை வரவில்லை.

சும்மா இருக்காத பெண்களும் அந்த நாட்டில் இருந்தார்கள். அப்போது தனியார் வியாபாரத்தை அரசு தடுத்திருந்தது. பொருளாதாரப் பொலிஸார் சந்தைகளில் கூடைகளைச் சோதித்துப் பொருட்களைப் பறித்தார்கள். 1977 ஓகஸ்ட் 27ஆம் திகதி கொனாக்ரியின் ம்பாலியா சந்தையில் பொறுமை எல்லை கடந்தது. குடியேற்ற ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1955இல், கொல்லப்பட்ட ம்பாலியா கமரா என்ற கட்சித் தொண்டரின் பெயரைத் தாங்கிய சந்தை அது. வியாபாரிப் பெண்கள் பொலிஸாரை அடித்து விரட்டிவிட்டு, கூட்டமாக ஜனாதிபதி மாளிகைக்கே நடந்து போனார்கள். கிளர்ச்சி மற்ற ஊர்களுக்கும் பரவியது. அடுத்து வந்த நாட்களில் துப்பாக்கிச்சூடும் நடந்தது, உயிர்களும் போயின. இருந்தும் கடைசியில் இறங்கி வந்தது அரசுதான். பொருளாதாரப் பொலிஸ் கலைக்கப்பட்டது. சிறு வியாபாரத்துக்கு மெல்ல மெல்ல வழி திறந்தது. ஒரு காலத்தில் வேலைநிறுத்தக்காரர்களுக்கு அரிசி சேர்த்துக் கொடுத்தவர்கள் எந்த வகைப் பெண்களோ, அந்த வகைப் பெண்கள்தான் இவர்கள்.

1984 மார்ச் 26இல் செக்கு தூரே அமெரிக்காவில் வைத்தியசாலையொன்றில் இறந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பழைய அமைச்சர்களைப் பிடித்து அடைத்தார்கள். ஜீனும் அகப்பட்டார். வழக்கு எதுவுமின்றிப் பதின்மூன்று மாதங்கள் சிறையிலிருந்தார். வழக்கின்றிச் சிறை என்பது எவருக்கு நடந்தாலும் அநியாயம்தான்; அவர் இருந்த அரசாங்கம் அதை எத்தனை பேருக்குச் செய்தது என்பதையும் மறக்க முடியவில்லை. விடுதலையானபின் செனகலுக்குப் போனார். ருஃபிஸ்க் கலாசாலைக்கு மாணவியாகப் போன அதே நாடு.

2009இல் தன் வாழ்க்கையைப் பிரெஞ்சு மொழியில் நூலாக எழுதினார். தலைப்பு 'மீலோவின் மகள்'. சோவியத் யூனியன் கொடுத்த லெனின் சமாதானப் பரிசோ, நவம்பர் மாதத்துக் கதிரையோ, அமைச்சர் பதவியோ அந்தத் தலைப்பில் இல்லை. ஊர் ஆறு மட்டும் இருக்கிறது. 2017 பெப்ரவரி 21ஆம் திகதி தமது 90ஆவது வயதில் கொனாக்ரியில் காலமானார்.

வினாவிடைப் போட்டியில் அந்தக் கேள்வி வரவேயில்லை. நாங்கள் பயிற்சி செய்த அட்டைகளை இப்போது ஒன்பதாம் தரத்துத் தங்கைமார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் ஓர் அட்டையை நான் புதிதாக எழுதிச் சேர்த்தேன். கேள்வி: "கினியின் முதலாவது பெண் அமைச்சர் யார்? அவருக்கு என்ன நடந்தது?" விடையைப் பின்புறத்தில் எழுதவில்லை. தேடிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.