பெடல் மிதித்தால் நீர்மூழ்கி ஓடும்!

சைக்கிள் ஓட்டத் தெரியுமா குட்டீஸ்? தரையில் ஓட்டுவது இருக்கட்டும். தண்ணீருக்கு அடியில் பெடல் மிதித்துப் போக முடியுமா?

முடியும்! இன்ஜின் இல்லை, பேட்டரி இல்லை. கால் பலம் ஒன்றுதான் எரிபொருள். இப்படிப்பட்ட குட்டி நீர்மூழ்கிகளைக் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்து, பந்தயத்தில் ஓட்டுகின்றனர். பள்ளி மாணவர்கள் கூடக் கலந்து கொண்டிருக்கின்றனர் தெரியுமா!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 1989ல் 'சர்வதேச நீர்மூழ்கிப் பந்தயம்' துவங்கியது. 1995ல் இது மேரிலாந்து மாநிலத்துக்கு மாறியது. அங்கே, கப்பல் மாதிரிகளைச் சோதித்துப் பார்க்க கடற்படை கட்டிய, 22 அடி ஆழமுள்ள நீளமான தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்குள்தான் பந்தயம். பிரிட்டனிலும், 2012ல் இதுபோன்ற போட்டி ஆரம்பமானது.

நீர்மூழ்கி என்றால் கோடிக்கணக்கில் செலவாகுமே, மாணவர்களிடம் அவ்வளவு பணம் ஏது என்கிறீர்களா? அங்கேதான் அவர்களுடைய மூளை வேலை செய்கிறது.

உள்ளேயும் தண்ணீர்!

தண்ணீரில், 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால், ஒவ்வொரு சதுர சென்டி மீட்டரிலும் சுமார் 1 கிலோ எடை கூடுதலாக அழுத்தும். கடற்படை நீர்மூழ்கியின் உள்ளே இருப்பது காற்று. வெளியே இருக்கும் தண்ணீர் அதை நசுக்கப் பார்க்கும். அதைத் தாங்கத்தான் கனமான எஃகுச் சுவர்.

மாணவர்கள் என்ன செய்தனர்? தண்ணீரை உள்ளேயே விட்டு விட்டனர்! உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர் என்றால், இரண்டு பக்க அழுத்தமும் சமமாகி விடுகிறது. அதனால், மெல்லிய 'ஃபைபர் கிளாஸ்' கூடு போதும். ஓட்டுபவர், முகத்தில் கண்ணாடிக் கவசம் அணிந்து, காற்று சிலிண்டரில் இருந்து சுவாசித்தபடியே பெடல் மிதிப்பார்.

கூடு செய்வதும் எளிமைதான். தெர்மாகோல் போன்ற நுரைக்கட்டியை மீன் வடிவத்தில் செதுக்கி, அதன் மேல் ஃபைபர் கிளாஸ் துணியைப் பசையோடு ஒட்டினால், காய்ந்ததும் கூடு ரெடி. பெடலும், செயினும், பல்சக்கரமும் சைக்கிளில் இருந்து வந்து விடும். பெடல் சுழலும் அச்சு குறுக்கே இருக்கும். பின்னால் உள்ள விசிறியின் அச்சோ நீளவாக்கில் இருக்கும். ஆகவே, சுழற்சியைத் திருப்பி விட, நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி தேவை.

இரு மடங்கு வேகம்... எட்டு மடங்கு பலம்!

காற்றை விட தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. நீருக்குள் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால், கிட்டத்தட்ட 8 மடங்கு பலம் வேண்டும். ஆனால், சாதாரண மனிதர் தொடர்ந்து மிதித்தால் கிடைப்பது, 100 முதல் 200 வாட் வரைதான். இரண்டு சீலிங் ஃபேன் சுற்றுகிற பலம், அவ்வளவே! அதனால்தான், மீனைப் போல வழுக்கிச் செல்லும் வடிவம் முக்கியம்.

கனடாவின் மான்ட்ரியல் நகர மாணவர்கள் செய்த 'ஓமர் 5' நீர்மூழ்கி, 2007ல் 8.035 'நாட்' வேகத்தில் பாய்ந்து சாதனை படைத்தது. அதாவது, மணிக்கு சுமார் 15 கி.மீ., நீங்கள் சைக்கிளில் சர்வசாதாரணமாகப் போகும் வேகம்தான். ஆனால், தண்ணீருக்குள் அது அசுர வேகம்!

இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது!

எதில் வேண்டுமானாலும் காசை மிச்சம் பிடிக்கலாம். உள்ளே இருப்பவரின் உயிரைக் காக்கும் விஷயத்தில் மட்டும் கூடாது. ஏன் தெரியுமா?

அமெரிக்க உள்நாட்டுப் போரின் போது, 'ஹன்லி' என்ற இரும்பு நீர்மூழ்கி உருவானது. உள்ளே வரிசையாக உட்கார்ந்து, கையால் சுற்றினால் ஓடும். 1863ல், சில வார இடைவெளியில் அது இருமுறை மூழ்கியது. முதல் முறை 5 பேர் இறந்தனர். இரண்டாம் முறை, யாருடைய பெயர் அதற்கு வைக்கப்பட்டதோ, அந்த ஹொரேஸ் ஹன்லி உட்பட 8 பேர் இறந்தனர். 1864 பிப்ரவரி 17ல், 'ஹவுசடானிக்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. எதிரிக் கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி அதுதான். ஆனால், அதுவும் கரைக்குத் திரும்பவில்லை. உள்ளே இருந்த 8 பேரும் பலியாயினர். 2000ல்தான் அதை வெளியே எடுத்தனர்.

இன்றைய பந்தய நீர்மூழ்கியில், ஓட்டுபவர் ஒரு பிடியை விடாமல் அழுத்திக் கொண்டே இருக்க வேண்டும். மயங்கிக் கையை விட்டால், உடனே ஒரு மிதவை மேலே போய், 'ஆபத்து' என்று காட்டிக் கொடுக்கும். கதவை உள்ளிருந்தும் திறக்கலாம், வெளியிலிருந்தும் திறக்கலாம். உதவிக்கு, தண்ணீரில் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள் தயாராக இருப்பர். கப்பல் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த ஏற்பாடுகளைச் சோதித்துப் பார்க்காமல் பந்தயத்தில் விட மாட்டார்கள்.

நீங்களும் செய்யலாம்!

நீர்மூழ்கி தானாக மிதக்கவும் கூடாது. தானாக மூழ்கவும் கூடாது. நுரைக்கட்டியும், ஈயத் துண்டும் வைத்து, மாணவர்கள் இதைச் சரி செய்வர். இதை உங்கள் வீட்டு பக்கெட்டிலேயே செய்து பார்க்கலாம்.

சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் மணல் போட்டு, இறுக மூடித் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் மணலைக் கூட்டுங்கள், மூழ்கினால் குறையுங்கள். மேலேயும் வராமல், அடியிலும் போகாமல், நடுவில் நிற்க வையுங்கள் பார்க்கலாம்! ஒரு சிட்டிகை மணல் கூட எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பது புரியும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். டிரம்மில் உட்கார்ந்து கிணற்றிலோ, குளத்திலோ இறங்கிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்! இப்போதைக்குப் படம் வரையுங்கள், மாதிரி செய்யுங்கள், பெரியவர்கள் துணையோடு நீச்சல் கற்றுக் கொள்ளுங்கள். மற்றவை தானாக வரும். சரிதானே குட்டீஸ்?