கறுத்த முகத்துக்கு ஒப்பனை தெரிந்தவர்கள்

ஒப்பனைக் கலைஞர்களுக்கென ஆஸ்கரில் தனி விருது 1982 விழாவில் தொடங்கியது. அதைக் கறுப்பினப் பெண்கள் முதன்முதலாக வாங்கியது 2021 ஏப்ரலில்தான். ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ படத்துக்காக மியா நீல், ஜமிக்கா வில்சன் இருவரும், ஸ்பெயினில் பிறந்த செர்ஜியோ லோபஸ் ரிவேராவோடு மேடை ஏறினார்கள்.

மியா நீல் அங்கே பேசியது தன் தாத்தாவைப் பற்றி. அமெரிக்க விமானப்படையின் கறுப்பினப் பிரிவில் இருந்தவர் அவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆனால் கறுப்பர்கள் வளாகத்தில் தங்கக் கூடாது. ஆசிரியராகும் ஆசையோடு சொந்த ஊர் திரும்பினார். அங்கே பள்ளிகளில் கறுப்பர்களை வேலைக்கு எடுப்பதில்லை. இந்தக் கதையை நம் குடியிருப்புகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒப்பனை, தோலையும் முடியையும் தொட்டுச் செய்யும் வேலை. படச்சுருள் காலத்தில் நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கறுப்பின நடிகர்கள் பலர் தங்களுக்கான பவுண்டேஷனைத் தாங்களே பையில் எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் பவுண்டேஷன் கொண்டுவந்த பிறகுதான் மற்ற நிறுவனங்களும் விழித்துக்கொண்டன.

நம் ஊர்க் கல்யாணங்களில் மட்டும் என்ன? மணப்பெண்ணின் முகத்தை மாவு பூசியதுபோல் வெளுக்க வைத்துவிட்டு, கையை அப்படியே விட்டுவிடும் கூத்து இன்னும் நடக்கிறது. கறுத்த தோலைக் கறுப்பாகவே அழகாகக் காட்டத் தெரிவது பெரிய தொழில் திறமை.

சினிமாவில் ஆள் தெரியாமல் எப்படி நுழைவது? ஜப்பானின் கியோட்டோவில் 1969-ல் பிறந்த காஸு ஹிரோ, பள்ளி நாட்களில் ஓர் இதழைப் புரட்டியபோது, டிக் ஸ்மித் என்ற அமெரிக்கக் கலைஞர் ஒரு நடிகரை ஆபிரகாம் லிங்கனாக மாற்றியிருந்த படங்களைப் பார்த்தார். தன் முகத்திலேயே லிங்கனைச் செய்து, படம் எடுத்து, ஸ்மித்துக்குக் கடிதத்தோடு அனுப்பினார். பதில் வந்தது. கடிதத்திலேயே பாடம் நடந்தது. பின்னர் ஸ்மித் படவேலைக்காக ஜப்பான் வந்தபோது அவரோடு வேலை செய்தார். 1996-ல் அமெரிக்கா போய் ரிக் பேக்கரிடம் சேர்ந்தார். ‘டார்க்கெஸ்ட் ஹவர்’ படத்தில் கேரி ஓல்ட்மேனைச் சர்ச்சிலாக்கியதற்காக 2018-ல் ஆஸ்கர். ‘பாம்ஷெல்’ படத்துக்காக 2020-ல் இன்னொன்று.

தொழிற்சங்கம் இன்னொரு கதவு. லாஸ் ஏஞ்சலிஸில் ஒப்பனை படித்துத் திரும்பிய சாரு குரானாவை மும்பை சங்கம் ஒப்பனைக் கலைஞராகச் சேர்க்க மறுத்தது. ஒப்பனை ஆண்களுக்கு, பெண்களுக்குத் தலை அலங்காரம் மட்டும் என்பது அவர்கள் வழக்கம். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்றது. ஹாலிவுட்டிலும் சங்க உறுப்பினராகாமல் பெரிய படங்களில் நுழைவது கடினம். வேலை செய்த நாட்களுக்கான சான்றுகளைக் காட்டித்தான் உறுப்பினராக முடியும். அதனால் சின்ன வேலையாக இருந்தாலும் சம்பளச் சீட்டையும் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஏஜென்ட் கேட்கும் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மாணவர் விசா, வேலை விசா ஆகாது. படித்த பிறகு தங்கி வேலை செய்யலாமா என்பதை அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். சில மாத ஒப்பனைப் பயிற்சிக்கு அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அழகுக்கலைப் பயிற்சி இப்போது இருக்கிறதா என்று மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை ஊரிலேயே படத்தொகுப்பைத் தொடங்கலாம். பாட்டியின் முகம், தம்பியின் முகம், பொய்யாக ஒரு வெட்டுக்காயம், தீக்காயம். ஒவ்வொன்றையும் ஒப்பனைக்கு முன்னும் பின்னும், ஒரே வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் எடுத்து வையுங்கள்.