பெட்டைக் குட்டியின் செலவுக் கணக்கு

வீட்டில் வளரும் பெட்டை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய ஆகும் செலவில் பெரும்பங்கு கத்திக்குப் போவதில்லை. மயக்க மருந்து, தையல் நூல், வலி ஊசி, சீழ் பிடிக்காமலிருக்க மருந்து, கருவிகளை நீராவியில் சுத்தம் செய்வது, கூட நின்று பிடிக்க ஓர் ஆள், அப்புறம் சில நாள் கவனிப்பு என்று அது பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. கை பழகிய மருத்துவர் அரைமணி நேரத்துக்குள் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவார். கடுவன் நாய்க்கு அதிலும் குறைந்த நேரம் போதும். தெருநாய் ஒன்றைப் பிடித்து, அறுவை செய்து, சோறு போட்டுக் காத்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட இந்திய விலங்குகள் நல வாரியம் பரிந்துரைத்த தொகை 1,650 ரூபாய். நாள்தோறும் பல நாய்கள் மேஜைக்கு வரும் மையத்தில்தான் அந்தத் தொகை கட்டுப்படியாகும். எப்போதோ ஒரு நாய் வரும் சிற்றூர் கிளினிக்கில் விலை ஏறுவதற்கு மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேஜை சும்மா கிடந்த நாள்களின் செலவும் அந்த ஒரு நாயின் கணக்கில்தான் ஏறுகிறது.

இந்தச் செலவு யாருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாயின் கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்கின்றன. வளர்ப்புப் பிராணிக்குக் குடற்புழு மருந்து, தடுப்பூசி, கருத்தடை மூன்றும் வளர்ப்பவர் பொறுப்பு. திருப்பத்தூர் மாவட்டத்து ஜோலார்பேட்டை போன்ற ஊரில் இந்தக் கோடு அவ்வளவு நேராக விழுவதில்லை. ராத்திரி ஒரு வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு பகலெல்லாம் தெரு சுற்றும் நாய்கள் ஏராளம். சோறு போடுகிறவர் உண்டு. சொந்தக்காரர் என்று கையெழுத்துப் போட ஆள் இராது.

குட்டி போட்டதும் கணக்கு இடம் மாறுகிறது. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். முதல் பருவம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வந்துவிடும், அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு இரண்டு முறை. ஓர் ஈற்றில் பிறந்தவற்றில் கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போவார்கள், பெட்டைகள் மிஞ்சும். மிஞ்சியவை சாக்குப்பையில் கறிக்கடைப் பக்கமோ, பிரியாணிக் கடைகளின் பின்புறமோ, ரயில் நிலையத்தை ஒட்டிய வெளியிலோ போய்ச் சேருகின்றன. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம் என்பது அந்தச் சாக்குப்பையைத் தடுத்ததாகத் தெரியவில்லை. வளர்ப்பவர் கட்டாமல் விட்ட ஒரு ஆபரேஷன் செலவு, ஓராண்டுக்குள் நான்கைந்து ஆபரேஷன் செலவாக நகராட்சியின் பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய ரயில் ஜங்ஷனைச் சுற்றி வளர்ந்த ஜோலார்பேட்டைக்கு இது எளிய வேலையல்ல. குட்டிகள் வந்து விழும் வழியை அடைக்காதவரை முடியக்கூடிய வேலையும் அல்ல.

வழியை அடைக்க எங்கே போவது? பக்கத்திலிருப்பது மாட்டாஸ்பத்திரி. ஏட்டில் அதற்குக் கால்நடை மருந்தகம் என்று பெயர். நாய், பூனைக்கும் அங்கே வைத்தியம் உண்டு. ஆனால் அந்த அமைப்பு கறவை மாட்டையும் ஆட்டையும் மையமாக வைத்து எழுந்தது. சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து என்று அதன் காலை நேரம் ஓடிவிடும். நாயின் வயிற்றைத் திறந்து மூடும் வசதி எல்லா மருந்தகத்திலும் எதிர்பார்க்க முடியாது. பெருநகரத்துக்குப் போகலாம் என்றால், பெங்களூரு சுமார் 145 கிலோமீட்டர், சென்னை 215. இரு பக்கமும் ரயில் இருந்தும் நாய்க்கு அது பெரிய உதவியில்லை. முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுதாக முன்பதிவு செய்தால் நாயைக் கூடவே அழைத்துப் போகலாம். இல்லையென்றால் பிரேக் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. தையல் போட்ட நாயை அந்தப் பெட்டியில் திரும்பக் கொண்டுவர யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது.

ஆக, விலையைக் குறைக்கும் வழி எண்ணிக்கையில்தான் இருக்கிறது. சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், 1964இலேயே கருத்தடைத் திட்டத்தை முன்வைத்தது. நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டு மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 1971இல் குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனையைத் திறந்தது வளர்ப்பு நாய்களுக்காக. ஜெய்ப்பூரில் ஹெல்ப் இன் சஃபரிங் அமைப்பு 1994இலிருந்து எட்டாண்டு செய்த வேலையில், பெட்டைகளில் 65 விழுக்காட்டுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபோது திட்டப் பகுதியில் நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தப் பகுதியில் மனிதருக்கு வெறிநோய் வருவதும் நின்றது. மூன்று ஊரிலும் நடந்தது இடைவிடாத வேலை. ஜோலார்பேட்டை அளவுள்ள ஊருக்குத் தினசரி மையம் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பத்து வீட்டுப் பெட்டைகளை ஒரே காலையில் வரவைத்தாலே மயக்க மருந்தும் ஆள்கூலியும் பங்காகிவிடும். ஆண்டுக்கொரு முறை பந்தல் போட்டு, படம் எடுத்து முடியும் முகாமால் அது நடக்காது.

கருத்தடையை விட மலிவாகவும் விரைவாகவும் பலன் தருவது தடுப்பூசி. தமிழ்நாட்டையே மாதிரியாக எடுத்து 2016இல் அமெரிக்க அறிவியல் அகாதெமியின் இதழில் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு 7 விழுக்காடு நாய்களுக்கு, முக்கியமாகத் தெருநாய்களுக்கு, வெறிநோய்த் தடுப்பூசி போட்டாலே ஐந்தாண்டில் மனித இறப்பு 70 விழுக்காடு குறையும் என்று கணித்தது. 13 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 90. உலகக் கால்நடைவழி நோய்கள் தினமான ஜூலை 6 அன்று கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இலவச முகாம்களில் இந்த ஊசியே முதலிடம் பெறுகிறது; 1885இல் அதே தேதியில்தான் விஞ்ஞானி லூயி பாஸ்டர் தன் வெறிநோய் ஊசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடச் செய்தார். மருந்துக் குப்பி ஒற்றை டோஸாகவும் பத்து டோஸாகவும் வருகிறது. பெரிய குப்பியைத் திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். அண்டைவீட்டார் சேர்ந்து ஒரே நாளில் நாய்களைக் கொண்டுபோனால் விலை இறங்குவது அதனால்தான்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம்வரை மீண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், ஒரு பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும். இரண்டு வாரக் குட்டியிலேயே பூச்சி மருந்து தொடங்கிவிடும். பார்வோ கண்ட குட்டிக்கு டிரிப் ஏற்றும் இரண்டு நாள் செலவு, ஊசியின் விலையைத் தாராளமாகத் தாண்டிவிடும், அப்போதும் உயிருக்கு உறுதியில்லை. உண்ணியை மட்டும் பலர் அழுக்காக நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்ணியும் சொறியும் பட்ட ஆட்டுத்தோலைத் தொட்ட மாத்திரத்தில் தரம் இறக்கிவிடுவார்கள் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளில். அந்த வட்டாரத்திலேயே நாயின் உண்ணிக்கு அலட்சியம் காட்டுவது வேடிக்கை. எர்லிக்கியா என்ற ரத்த நோயைப் பரப்புவது அந்தப் பழுப்பு உண்ணிதான்.

'ஒரு ஈற்று ஈன்ற பிறகு கருத்தடை செய்தால்தான் உடம்புக்கு நல்லது' என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. முதல் பருவத்துக்கு முன் செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு குறையும் என்கிறது பழைய ஆய்வு. அந்த அளவைப் பற்றி இன்று விவாதம் உண்டு. கருப்பையில் சீழ் கோக்கும் நோய் பற்றி விவாதமே இல்லை: கருப்பையை எடுத்துவிட்டால் அது வராது. கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பத்து வயதுக்குள் அந்த நோயைக் கண்டதாக ஸ்வீடன் நாட்டு நாய்க் காப்பீட்டுக் கணக்கு காட்டியது. இணையும்போது தொற்றும் பிறப்புறுப்புக் கட்டியும் தெரு சுற்றும் நாய்களில் சாதாரணம். அதற்கு வாரந்தோறும் வின்கிரிஸ்டின் ஊசி போட வேண்டியிருக்கும். பெரிய இன நாய்க்கு மட்டும் எலும்பு வளர்ந்து முடிய ஓராண்டு காத்திருப்பது நல்லது. பூனைக்குக் காத்திருக்கவே கூடாது. நான்கைந்து மாதத்தில் சினையாகிவிடும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கவும் செய்யும்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவோடு தீனி நிறுத்தம். பருவத்திலிருக்கும் நாய்க்கு ரத்தக்கசிவு கூடும் என்பதால் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுவார்கள். உள்ளே கரையும் நூலில் தையல் போட்டால் பிரிக்கத் திரும்ப வர வேண்டாம். பஸ் ஏறி வருகிறவர் இதை முன்பே கேட்டுக்கொள்ளலாம். பத்து நாள் குளியல் கிடையாது, நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு, அதன்பின் தீனியில் சற்றுக் குறைவு. கடுவனுக்கு ஆபரேஷன் முடிந்தும் சில வாரம் விந்து தங்கியிருக்கும். ஒரு மாதமாவது பெட்டைகளிடமிருந்து பிரித்துக் கட்டிவைக்க வேண்டும்.