அழுத்தினால் நிறம் மாறும் அதிசயப் படிகம்!
காந்தக் குணமும் மறைந்து விடுகிறது

பஞ்சை அழுத்தினால் சுருங்கும். கையை எடுத்தால் விரியும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அழுத்தியதும் நிறம் மாறி, காந்தக் குணத்தையும் இழந்து விடும் பொருள் உண்டா?

உண்டு! பார்ப்பதற்கு மஞ்சள் தூள். அது ஒரு படிகம். 2001-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதைப் பற்றி அறிவித்தார்கள்.

மாடி வீடு

இந்தப் படிகத்தின் உள் அமைப்பு மாடி வீட்டைப் போன்றது. இரும்பு அணுக்களும் பிளாட்டினம் அணுக்களும் கோத்துக்கொண்டு தளம் தளமாக இருக்கின்றன. தளங்களுக்கு நடுவே "பைரசின்" என்ற பொருள் தூணாக நிற்கிறது. மிச்சம் எல்லாம் வெற்றிடம். அதில் வாயுக்கள் புகுந்து குடியிருக்கலாம்.

5 அறை, 6 பேர்

நிறம் மாறுவது ஏன்?

இரும்பு அணுவில் 6 எலக்ட்ரான்கள் 5 அறைகளில் வசிக்கின்றன. ஓர் அறையில் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இது அணு உலகின் சட்டம்! சாதாரணமாக, ஓர் அறையில் 2 பேரும், மற்ற 4 அறைகளில் ஆளுக்கு ஒன்றாகவும் தங்குகின்றன. தனியாக இருக்கும் அந்த 4 எலக்ட்ரான்களே காந்தக் குணத்துக்குக் காரணம்.

அழுத்தினால் இடம் நெருக்கடி ஆகிறது. உடனே எல்லாம் ஜோடி சேர்ந்து 3 அறைகளில் அடங்கி விடுகின்றன. அணு சிறுத்து விடுகிறது. மஞ்சள் சிவப்பாகிறது. காந்தக் குணம் போய் விடுகிறது!

ஞாபக சக்தி

சாதாரண அறை வெப்ப நிலையிலேயே இது நடப்பதை 2003-ல் கண்டார்கள். இன்னொரு வேடிக்கை: அழுத்தத்தைக் குறைத்ததும் படிகம் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இன்னும் நன்றாகக் குறைத்தால்தான் திரும்புகிறது. தன்னை அழுத்தியதை அது ஞாபகம் வைத்திருக்கிறது!

2009-ல் மற்றொரு சோதனை நடந்தது. பென்சீன் ஆவி உள்ளே புகுந்ததும் படிகம் காந்தக் குணம் உள்ள நிலைக்குப் போனது. கார்பன் டைசல்பைடு புகுந்ததும் அந்தக் குணத்தை இழந்தது. இரண்டுமே மனிதருக்கு நஞ்சு. ஆகவே, நச்சு ஆவியைக் காட்டிக் கொடுக்கும் காவல்காரனாக இத்தகைய படிகங்கள் உதவலாம்.

நோபல் பரிசு

உலோகமும் கரிமப் பொருளும் சேர்ந்த இத்தகைய ஓட்டைப் படிகங்களுக்கு வழி காட்டியவர்கள் மூவர்: ரிச்சர்டு ராப்சன், சுசுமு கிட்டகாவா, ஓமர் யாகி. ராப்சன் 1989-ல் செய்த முதல் படிகங்கள் எளிதில் நொறுங்கின. ஆனாலும் முயற்சி நிற்கவில்லை. மூவருக்கும் 2025-ம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

வெறும் ஓட்டைதானே என்று நினைக்கலாம். அந்த ஓட்டையில்தான் இத்தனை அதிசயமும் இருக்கிறது!