மரை ஒன்று, முறை ஒன்று!

பட்டறைத் தொழிலாளத் தோழரைக் கேளுங்கள். போல்ட் ஒரு கம்பெனியின் சரக்கு. நட்டு மற்றொரு கம்பெனியின் சரக்கு. ஆயினும் பொருந்துகிறதே, எப்படி? மரைக்குப் பொது அளவு இருப்பதால்! பிரிட்டனில் ஒரு காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பொது அளவு ஒன்றை முன்வைத்தார். அது பரவப் பரவ, ஒருவர் கடைந்த போல்ட்டில் மற்றொருவர் செய்த நட்டு ஏறிற்று. பொது அளவு என்பது முதலாளி காட்டும் தயவல்ல, தொழிலின் உயிர்நாடி.

அதே மரைச் சண்டை இன்று கணினி உலகில் நடக்கிறது. அடிபடுவது யார்? விஞ்ஞானி!

“கணினிப் படமென்றால் சினிமாவும் விளையாட்டும்தானே, நமக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. இல்லை, தோழர்களே! மூளையை ஸ்கேன் செய்த படங்களை அடுக்கி, கட்டி எங்கே இருக்கிறதென்று முப்பரிமாணத்தில் ஆராய ‘3டி ஸ்லைசர்’ என்றொரு மென்பொருள். நீரும் காற்றும் பாயும் வகையைக் கண்ணெதிரே காட்ட ‘பாராவியூ’. புரதத்தின் வடிவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ‘பைமால்’. 2020-ல் கொரோனா நச்சுயிரியின் கூர்முனைப் புரதத்தை விஞ்ஞானிகள் கணினித் திரையில்தான் அணு அணுவாக அலசினர். எண்கள் லட்சக் கணக்கில் கொட்டிக் கிடந்து என்ன பயன்? அவை படமானால்தான் கண் காணும்; கண் கண்டால்தான் கருத்து பிறக்கும்!

படம் வரைவதற்கென்றே கணினிக்குள் தனிச் சிப் உண்டு. அதற்குக் கட்டளையிட ஒரு முறை வேண்டும். சிலிக்கான் கிராபிக்ஸ் என்ற கம்பெனி, தனக்கென வைத்திருந்த முறையைத் திருத்தி, 1992-ல் ‘ஓப்பன்ஜிஎல்’ என்ற பெயரில் பொது முறையாக்கிற்று. 2006 முதல் குரோனோஸ் என்ற கூட்டமைப்பு அதைப் பேணி வருகிறது. மேற்சொன்ன விஞ்ஞான மென்பொருள்கள் யாவும் இதை நம்பிக் கட்டப்பட்டவை.

முறை பொதுவானாலும் போதாது. சிப்பை ஓட்ட ‘டிரைவர்’ வேண்டும். லாரி டிரைவர் அல்ல. சிப்புக்கும் மென்பொருளுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் நிரல். அதைச் சிப் செய்தவர் எழுதித் தரவேண்டும். அல்லது பிறர் எழுதச் சிப்பின் விவரத்தையேனும் தரவேண்டும். இரண்டையும் மறுத்தால்? பூட்டு அவர் கையில், சாவியும் அவர் கையில்!

ஆப்பிள் கம்பெனி செய்தது என்ன? ஓப்பன்ஜிஎல்லின் 4.1 பதிப்பு 2010-ல் வந்தது. மேக் கணினிகள் 2013-ல் அதை எட்டின. எட்டிய இடத்திலேயே நின்றுவிட்டன. படச் சிப்பைக் கொண்டே பொதுக் கணக்கும் போடும் வசதி 2012-ல் 4.3 பதிப்பில் வந்தது. அது மேக்குக்கு எட்டவேயில்லை. 2018-ல், ‘ஓப்பன்ஜிஎல் இனிக் கைவிடப்படும் முறை, எங்கள் சொந்த முறையான மெட்டலுக்கு மாறுக’ என்று அறிவித்தது அந்தக் கம்பெனி.

“பழையது கழிவது முன்னேற்றந்தானே?” என்பர் கம்பெனியின் சார்பில் வாதிடுவோர். மெட்டல் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் புதியதும் வேகமானதுமான பொதுமுறை ஒன்று, ‘வல்கன்’ என்ற பெயரில், 2016-லேயே வந்துவிட்டதே! அதையும் ஆப்பிள் தன் இயங்குதளத்தில் சேர்க்கவில்லை. விஞ்ஞான மென்பொருளை எழுதுவோர் பலர் சிறு குழுவினர். மேக்குக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஒருமுறை என்று இருமுறை எழுதச் சொன்னால், ஆராய்ச்சி செய்யவேண்டிய பொழுது அதில் கரையுமே! அந்தக் கூலியை யார் கொடுப்பது?

“சிப்பால் முடியாது” என்பதும் செல்லாது. 2020-ல் வெளிவந்தது ஆப்பிளின் எம்1 சிப். அதன் விவரத்தைக் கம்பெனி தரவில்லை. அசாஹி லினக்ஸ் என்ற குழுவினர் தாங்களே துருவித் துருவி அறிந்து டிரைவர் எழுதினர். 2024 பிப்ரவரியில் அதே சிப்பில் 4.6 பதிப்பு முறைப்படி தேர்ச்சி பெற்றது! செய்தவர் 4.1-ல் நிற்க, செய்யாதவர் 4.6-க்கு ஏறினர். ஆகவே, குறை சிப்பில் இல்லை, மனத்தில்!

மனம் மாறாதா? மாறும். ஏஎம்டி கம்பெனி 2007-ல் தன் சிப்புகளின் விவரங்களை வெளியிட முன்வந்தது. என்விடியாவை லினக்ஸைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்துக் கூட்டமொன்றில் பகிரங்கமாகவே ஏசினார். அந்தக் கம்பெனியும் 2022-ல் தன் டிரைவரில் ஒரு பகுதியின் மூலநிரலைத் திறந்து வைத்தது. திறந்தவரைப் பாராட்டுவோம், திறக்காதவரைத் தட்டுவோம்!

தட்டும் கை எது? வாங்கும் கை! அரசுப் பல்கலைக் கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் கணினி வாங்குவது மக்கள் வரிப்பணத்தில். டெண்டரில் மூன்று நிபந்தனைகள் எழுதட்டும்: பொதுமுறைக்கு முழு டிரைவர் தருக, சிப்பின் விவரத்தை வெளியிடுக, ஒரு முறையைக் கைவிடுமுன் மாற்றிக்கொள்ளப் போதிய ஆண்டுகள் தருக. இணங்குபவருக்கே ஆர்டர்!

இது சலுகை கேட்பதல்ல. காசு கொடுப்பவன் கேட்கும் கணக்கு. விஞ்ஞானியும் உழைப்பாளிதான். அவன் கருவியைப் பூட்டி வைக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமையில்லை என்று உரக்கச் சொல்வோம்!